வாசகர் கேள்வி–பதில்: காடு திருத்தத் தடையும் விவசாயியின் கைக்கு வந்த தொகையும்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில், விவசாயிகள் தங்கள் நிலத்தில் உள்ள இயற்கைக் காட்டை அழிக்கத் தடை வந்தபோது, அரசு அவர்களுக்கென 15 கோடி டாலர் ஒதுக்கியதாகப் படித்தேன். அதை இழப்பீடு என்று கூறாமல் உதவித்தொகை என்று கூறுவது ஏன்? இரண்டும் பணம்தானே?

பதில்: பணம் ஒன்றுதான், ஆனால் அதைக் கணக்கிடும் முறை வேறு. நிலத்தின் மதிப்பில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் ஈடுகட்டுவது இழப்பீடு. புதிய சட்டத்துக்குள் நின்று பண்ணையைத் தொடர்ந்து நடத்த என்ன தேவை என்று பார்த்துத் தருவது உதவித்தொகை. முன்னதைக் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு. பின்னதற்கு விண்ணப்பிக்க மட்டுமே முடியும். குவின்ஸ்லாந்து அரசு தந்தது இந்த இரண்டாவது வகை.

பின்னணியையும் சொல்ல வேண்டும். அம்மாநிலத்தில் 1999-ஆம் ஆண்டு தாவரவள மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுப்பாடு வருகிறது என்று தெரிந்தவுடன், வருவதற்குள் முடித்துவிடுவோம் என்று பலர் புல்டோசர்களை இறக்கினார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மாநில அரசே எடுத்த கணக்கின்படி, 1999–2000-இல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 7,58,000 ஹெக்டேர் மரப்பரப்பு அழிக்கப்பட்டது. இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்துச் சென்றால் ஒரு நாளில் எவ்வளவு பரப்பு தரையோடு சாயும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த எண் வியப்பளிக்காது. பின்னர் 2004-இல், பீட்டர் பீட்டி தலைமையிலான அரசு சட்டத்தைத் திருத்தி, எஞ்சியிருந்த இயற்கைக் காட்டைப் பெரும்பரப்பில் அழிப்பதை 2006 டிசம்பர் 31-உடன் நிறுத்துவதாக அறிவித்தது. இடைக்காலத்தில் மொத்தம் 5,00,000 ஹெக்டேர் வரை மட்டுமே அனுமதி. அதுவும் குலுக்கல் முறையில். அந்த அறிவிப்போடு சேர்ந்து வந்ததுதான் நீங்கள் படித்த 15 கோடி டாலர்.

விவசாயிகளின் கோபத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே மாநிலத்தில் 1960-களில் பிரிகலோ என்னும் வேல மரக் காடுகளைத் திருத்தும் திட்டத்தை அரசே நடத்தியது. காட்டைத் திருத்தினால்தான் குத்தகை நிலைக்கும் என்று நிபந்தனை விதிக்கப்பட்ட நிலங்களும் உண்டு. காடு திருத்திய செலவுக்கு வரிச்சலுகை தரும் வழக்கமும் 1980-களின் தொடக்கம் வரை இருந்தது. தந்தை காட்டைத் திருத்தியதற்காகப் பாராட்டப்பட்ட அதே நிலத்தில், மகன் அதைச் செய்தால் அபராதம் என்னும் நிலை ஒரே தலைமுறையில் வந்தது. நாளை திருத்தப்போகும் நிலத்தின் வருமானத்தை நம்பி நேற்றே வங்கிக்கடன் வாங்கியவர்கள்தாம் மிகுதியாக இடர்ப்பட்டார்கள்.

கேள்வி: அப்படிப் பெற்ற தொகையைக் கொண்டு பண்ணையில் என்னதான் செய்ய முடியும்? மரம் நிற்கும் இடத்தில் புல் வளராதே?

பதில்: வளரும், ஆனால் குறைவாக வளரும். மண்ணின் ஈரத்துக்கு மரமும் புல்லும் போட்டியிடுவதால், திருத்திய நிலம் கூடுதல் மாடுகளைத் தாங்கும் என்பது உண்மையே. புதிய பரப்பு கிடைக்காத விவசாயி, ஏற்கெனவே திருத்திய நிலத்திலிருந்து கூடுதலாகப் பெற வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் வேலியும் தண்ணீரும்தான் வழி. பரந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரே தண்ணீர்த் தொட்டி இருந்தால், மாடுகள் அதைச் சுற்றியே மேய்ந்து அங்கே தரையைக் கட்டாந்தரை ஆக்கிவிடும்; தொலைவில் உள்ள புல் தொடப்படாமல் காய்ந்துபோகும். நிலத்தைச் சிறு பிரிவுகளாக வேலியிட்டு, ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே தண்ணீர் கொண்டுசென்று, முறைவைத்து மேய்த்தால் அதே நிலம் கூடுதலாகத் தரும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சலிப்பூட்டும் செய்தி என்றாலும் பணத்தைவிட இது பயன்பட்ட பண்ணைகள் உண்டு. எது எஞ்சிய காடு, எது வெட்டியபின் துளிர்த்த மறுவளர்ச்சி என்பதைச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. மரங்களின் உச்சிக் கிளைகள் சேர்ந்த மேல்விதானம் இயல்பான பரப்பில் பாதிக்கு மேலும், இயல்பான உயரத்தில் சராசரியாக 70 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால்தான் அது எஞ்சிய காடு. பிரிகலோ வேரிலிருந்தே மீண்டும் மீண்டும் துளிர்க்கும் மரம் என்பதால், இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது பண்ணையின் தலையெழுத்தையே மாற்றும். தம் பண்ணைக்கெனத் தனி வரைபடம் ஒன்றுக்கு ஒப்புதல் பெற்று, தடையிலிருந்து விலக்குப் பெற்ற பகுதிகளை அதில் உறுதிசெய்துகொண்டவர்களுக்கு, அடுத்த அரசு என்ன செய்யுமோ என்னும் கவலை பெருமளவு குறைந்தது. அக்கவலைக்குக் காரணமும் இருந்தது: 2013-இல் சட்டம் தளர்த்தப்பட்டது, 2018-இல் மீண்டும் இறுக்கப்பட்டது.

கேள்வி: சொத்துரிமையின் பெயரால் நீதிமன்றம் சென்று முழு இழப்பீடு பெற்றவர் எவரேனும் உண்டா?

பதில்: முயன்றவர்களில் அதிகம் அறியப்பட்டவர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பீட்டர் ஸ்பென்சர். மத்திய அரசு ஒரு சொத்தைக் கையகப்படுத்தினால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசமைப்பின் 51-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் கட்டாயம் மாநிலங்களுக்கு இல்லை. ஆகவே, கரியமில வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ ஒப்பந்த இலக்கை எட்டுவதற்காக மத்திய அரசே மாநிலங்களைத் தூண்டித் தம் நிலத்தைப் பயனற்றதாக்கியது என்பது அவர் வாதம். அவர் 2009-இன் இறுதியில் கோபுரம் ஒன்றில் ஏறி 52 நாள் உண்ணாநோன்பும் இருந்தார். வழக்கை விசாரிக்க, ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2010-இல் இடம் அளித்தது. ஆனால் 2015-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நிலத்தின் பயன் குறைவது வேறு, அரசு அதைத் தனதாக்கிக்கொள்வது வேறு என்னும் பாகுபாட்டில்தான் இவ்வகை வழக்குகள் சிக்கிக்கொள்கின்றன.

கேள்வி: அப்படியானால் ஆஸ்திரேலியாவில் எங்குமே இழப்பீடு தரப்படவில்லையா?

பதில்: தரப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், காடு திருத்த அனுமதி மறுக்கப்பட்ட விவசாயி, அக்காட்டை நிலையாகப் பாதுகாக்க ஒப்பந்தம் செய்துகொண்டால் பணம் பெற முடிந்தது. புதிய சட்டம் 1991-இல் வந்தபோது அந்த வழி மூடப்பட்டது.

கேள்வி: இப்போது நிலைமை என்ன? உதவித்தொகை தொடர்கிறதா?

பதில்: ஒருமுறை தரும் தொகையிலிருந்து, காட்டைப் பராமரிப்பதற்கு ஆண்டுதோறும் தரும் கூலியை நோக்கி நகர்ந்திருக்கிறது, என் பார்வையில் இது நேர்மையான ஏற்பாடு. தடை நிரந்தரமானது, பணம் மட்டும் ஒருமுறை என்பதுதான் பழைய திட்டத்தின் ஓட்டை. வேலி பத்தாண்டில் பழுதாகும். காட்டுப்பன்றியும் களையும் ஆண்டுதோறும் வரும். தீத்தடுப்புக் கோடுகளையும் ஓயாமல் பராமரிக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2017-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களோடு, தனியார் நிலத்துப் பாதுகாப்புக்கென ஐந்தாண்டுகளுக்கு 24 கோடி டாலரும், அதன்பின் ஆண்டுக்கு 7 கோடி டாலரும் அறிவிக்கப்பட்டன. காட்டைக் காக்க எவ்வளவு வேண்டும் என்று விவசாயியே ஒப்பந்தப்புள்ளியில் விலை குறிக்கும் முறையும் அங்கே உண்டு. குவின்ஸ்லாந்தில், மரம் வளர்த்துக் கரியமிலத்தைத் தேக்குவோருக்கென 50 கோடி டாலர் நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது.

கையெழுத்திடும் முன் அங்குள்ள விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிரந்தர ஒப்பந்தம் நிலப் பத்திரத்தோடு சேர்ந்து பதிவாகிறது. நிலத்தை விற்றாலும், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், காட்டைக் காக்கும் கடமை அடுத்த உரிமையாளர்மேல் வந்து சேரும். மரங்கள் தேக்கிய கரியமிலத்துக்கு ஈடாக, விற்கத்தக்க வரவு தரும் கரியமில வரவுத் திட்டங்களிலும், மரங்களைக் காக்க வேண்டிய காலத்துக்கு 25 ஆண்டு, 100 ஆண்டு என்று இரண்டு கெடு உள்ளன. அவற்றுள் எதைத் தேர்வது என்பதைக் கடன் கொடுத்த வங்கியையும் உடன் வைத்துக்கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.