ஒற்றை ரேமும் ஓர் அஞ்சலட்டையும்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியர். 2012இல் வாங்கிய ஐ5 மேசைக்கணினி வைத்திருக்கிறேன். ரேம் எனும் தற்காலிக நினைவகம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. இயக்கினால் திரை வந்து நிலைகொள்ள ஐந்து நிமிடம் ஆகிறது. வினாத்தாள் தட்டச்சு, மதிப்பெண் பட்டியல், பாடக் காணொளிகள் பார்ப்பது ஆகியவையே என் தேவை. முன்பு கணினி இதழ்களின் கேள்வி-பதில் பக்கங்கள் வழியாக அறிமுகமான நண்பர்கள் சிலர் இன்றும் தொடர்பில் இருக்கிறோம். அவர்களிடம் கேட்டேன். ஒருவர் கிராபிக்ஸ் கார்டு போடச் சொன்னார். இன்னொருவர் பழைய ஐ7 பிராசஸர் மலிவாகக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள் என்றார். மூன்றாமவர், விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார். யாரை நம்புவது? வாசகர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் இவ்வகை யோசனைக்கு மதிப்பு உண்டா, அல்லது கடைக்காரரிடமே விட்டுவிடலாமா?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. கிராபிக்ஸ் கார்டு போடச் சொன்னவர் வீட்டில் விளையாட்டுப் பித்துப் பிடித்த பையன் ஒருவன் இருப்பான். ஐ7 என்றவர் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவராக இருக்கலாம். பழைய இரும்புக்குப் போடச் சொன்னவர் அண்மையில் புதுக் கணினி வாங்கிவிட்டு, செலவழித்த பணத்துக்கு நியாயம் தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் தத்தம் மேசையில் இருக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். உங்கள் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு நீங்கள் அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? ஐ5 என்ற பெயரை இன்டெல் 2009 முதல் தலைமுறை தலைமுறையாக ஒட்டி விற்றிருக்கிறது. டெல்டாக்காரரான நீங்கள், குறுவைக்கா சம்பாவுக்கா என்று சொல்லாமல் விதைநெல் கேட்பீர்களா? எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டின் பெயர் இல்லை, 4 ஜிபி ரேம் என்பது ஒரே ஸ்டிக்கா இரண்டு ஸ்டிக்கா என்பது இல்லை, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு சொல் இல்லை. பாதிக் கேள்வியை எழுதிவிட்டு முழு விடை கேட்பதை ஓர் ஆசிரியரே செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

2012 என்ற ஒரு குறிப்பை வைத்து ஊகிக்கிறேன். இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ5, அக்காலத்தில் நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்ற எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 வகை ரேம். இந்த ஊகம் சரியென்றால் உங்கள் ஐந்து நிமிடக் காத்திருப்புக்குப் பிராசஸர் பொறுப்பல்ல. வினாத்தாளுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அது இன்றும் தாராளம். காத்திருக்க வைப்பது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டு ஒரு முறை சுற்றிவர 8.3 மில்லி வினாடி ஆகிறது. தேவையான இடம், தகவலைப் படிக்கும் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் போகிறது. ஊசி தடம் மாறுவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அதனால் வினாடிக்கு எண்பது முறை போல எடுத்துவர முடியும், அவ்வளவே. விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படிச் சிதறிய துண்டுகளை ஆயிரக்கணக்கில் கேட்கிறது. தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். எச்61 போர்டில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பு வினாடிக்கு 3 கிகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று யாரேனும் உங்களைக் கலக்கினால் பொருட்படுத்தாதீர்கள். பெரிய கோப்பைப் பிரதி எடுக்கும்போது மட்டும் அந்த வேறுபாடு தெரியும். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ரேமை 8 ஜிபி ஆக்குவது, இரண்டும் போதும்.

மற்றவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஐ7 வேண்டாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. விண்டோஸ் 11 உங்கள் தலைமுறைப் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது என்பதும் உண்மை. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்கும், அதில் தமிழும் தட்டச்சிடலாம். கடைக்காரரைப் பற்றிய கேள்விக்கு என் பதில், அவர் தம்மிடம் இருப்பு இருப்பதைத்தான் விற்பார் என்பதே. அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

இனி, உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். 1997 என்று நினைவு. ஒரு கணினி மாத இதழில் வாசகர் கேள்விகளுக்கு மற்ற வாசகர்களே பதில் எழுதும் பக்கம் ஒன்று வந்துகொண்டிருந்தது. காரைக்குடியில் டிடிபி நிலையம் வைத்திருந்த ஒருவர், பென்டியம் 133 இயந்திரத்தில் 16 எம்பி ரேமோடு பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் திணறுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நான் உடனே எழுதினேன்: 72 பின் ஈடிஓ வகை ரேம், 16 எம்பி, ஒன்று வாங்கிப் போடுங்கள். நான் அப்படித்தான் போட்டிருந்தேன், எனக்கு ஓடியது. அச்சில் என் பெயரோடு வந்தது. இருபத்தைந்து வயதில் அச்சில் பெயர் வந்தால் மனிதன் எப்படி நடப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் எழுதாமல் விட்டது, என்னுடையது பென்டியத்துக்கு முந்தைய 486 என்பதை. பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே தகவல் போகும் பாதையான அதன் டேட்டா பஸ் 32 பிட். 72 பின் ஸ்டிக்கும் 32 பிட். ஒன்று போட்டாலே போதும். பென்டியத்தின் டேட்டா பஸ் 64 பிட். அதில் அந்த ஸ்டிக்குகளை ஜோடியாகத்தான் போட வேண்டும். எனக்கு அன்று இது தெரியாது; தெரியாது என்பதும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அதே பக்கத்தில் காரைக்குடிக்காரரின் அஞ்சலட்டை வெளியாயிற்று. இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்து, கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு ஸ்டிக் வாங்கிக்கொண்டு போய்ப் பொருத்தியிருக்கிறார், இயந்திரம் எழவில்லை. மறுபடி ஒரு பேருந்து, மறுபடி ரிச்சி தெரு. கடையில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே, பென்டியத்துக்கு இரண்டாகத்தான் சார் என்றிருக்கிறான். இன்னொன்று வாங்கிப் போட்ட பிறகு 48 எம்பி காட்டுகிறது, பேஜ்மேக்கர் திணறவில்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், "அடுத்தவருக்குப் பதில் எழுதும் நண்பர்கள் இதைக் குறிப்பிட வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தார். என்னைத் திட்டி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு பேருந்துக் கட்டணமும், ஒரு முகூர்த்த மாதத்தில் கடை மூடிக் கிடந்த நாட்களும் அவருக்கு என்னால் நேர்ந்தவை. அதற்கடுத்த இதழில் மேலும் இருவர் எழுதினார்கள்: தாங்களும் என் பதிலைப் படித்து ஒற்றையாக வாங்கிவிட்டதாகவும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டதாகவும். அவர் எழுதியிராவிட்டால் அவர்களும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் அடுத்த ஆண்டும் அதே பதிலை இன்னொருவருக்கு எழுதியிருப்பேன்.

இவ்வகை யோசனைக்கு மதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். யோசனைக்கு மதிப்பில்லை, ஐயா. என்னுடையதற்கும் இல்லை. வாங்கிப் பொருத்தியவர் திரும்பி வந்து, இன்ன போர்டில், செருகும் இடமான இன்ன ஸ்லாட்டில் இன்னதைப் போட்டேன், இன்னது நடந்தது என்று சொல்லும்போதுதான் அதற்கு மதிப்பு வருகிறது. அன்று அந்தச் செய்தி வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ரேம் விலையே மாறியிருக்கும். இருந்தும் எழுதினார்கள். இன்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஒருவரும் சொல்வதில்லை. சென்ற வாரம் என் பிரின்டர் தாளை இழுக்க மறுத்தது. தேடினேன். அதே மாடல், அதே கோளாறு, பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு பேர் ஆறு வழி சொல்லியிருக்கிறார்கள்: உருளையைத் துடை, டிரைவரை மாற்று, தாளை மாற்று, இன்னும் என்னென்னவோ. மறுநாள் அந்த மகானுபாவர் வந்து, "சரியாகிவிட்டது, அனைவருக்கும் நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எதைச் செய்ததால் சரியாயிற்று? ஆறில் எது? அந்த நன்றி யாருக்கு? ஆறு பேரும் தம்மால்தான் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டு, ஆறு பதில்களையும் இன்றுவரை எங்கெங்கோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவற்றில் குறைந்தது ஐந்து தவறாக இருக்கும். எனக்கு அந்தப் பிரின்டர் மீது வராத கோபம் அவர் மீது வந்தது.

நீங்களும் அதைத்தான் செய்வீர்கள் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஏனென்றால் கேட்கும்போது விவரம் தராதவர் முடிந்த பிறகும் தரமாட்டார். கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், ஒருவர் மற்றவர் முகம் பார்த்திராத அந்தப் பழைய நண்பர்களோடு தொடர்பில் இருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டின் மீது அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ரேம் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அது பெரும்பாலும் அலங்காரம். 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றை எனக்கு அல்ல, உங்கள் நண்பர்கள் மூவருக்கும் அனுப்பிவிட்டு, எஸ்எஸ்டி பொருத்திய பிறகு திரை வர எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.