பாலிமர் களிமண்ணில் விநோத விலங்குகள் செய்து, கையால் வண்ணம் தீட்டி விற்றால் கட்டுபடியாகுமா?

கேள்வியில் இருக்கும் ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். “களிமண்தானே, பொருள் செலவு நூறு இருநூறுக்குள் முடிந்துவிடும், ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் மிச்சமெல்லாம் லாபம்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டிலிருந்து ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிற பெண் என்று நினைக்கிறேன். பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு மூன்று நான்கு மணி நேரம் கையில் இருக்கும். யூடியூபில் யாரோ பதினைந்து நிமிடத்தில் ஒரு குட்டி டிராகனைச் செய்து முடித்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆணாக இருந்தால் மன்னிக்கவும். அந்தப் பதினைந்து நிமிடக் காணொளி வேகமாக ஓட்டிக் காட்டியது. உண்மையில் அது இரண்டு நாள் வேலை, அதுவும் கை பழகியவருக்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் “இதைச் சொல்ல நீ யார்?” என்று ஒருவர் வந்து நிற்பார். மதுரையில் இருக்கிறேன். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். நுண்கலைக் கல்லூரியில் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. 2019 முதல் பாலிமர் களியில் யாளி செய்து விற்கிறேன், கோயில் தூண்களில் சிங்க உடம்போடு நிற்குமே அந்த விநோத விலங்கு. அவ்வப்போது மகரம் என்ற நீர்வாழ் விநோத விலங்கு, கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை, யாராவது கேட்டால் கொம்பு முளைத்த தவளை. ஆனால் கை தானாகப் போவது யாளிக்குத்தான்.

அதற்குக் காரணம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம். சின்ன வயதில் பாவாடை தைக்கக் கொடுக்க அம்மா அங்கேதான் அழைத்துப் போவார். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போதெல்லாம் தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் ஓடும். தையற்காரர் எனக்கு அளவெடுக்கும்போது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். தலைக்கு மேலே யாளி, பின்னங்கால்களில் எழும்பி, வாயைப் பிளந்தபடி. “கையைக் கீழே போடு பாப்பா” என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் காதில் விழும். திருமலை நாயக்கர் காலத்துக் கல்தச்சரோடு உன்னை ஒப்பிட்டுக்கொள்கிறாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் யாளி அரையடி உயரம். உள்ளே இருப்பது சமையலறை அலுமினியத் தாள்.

சரி, “களிமண்தானே” என்ற பேச்சுக்கு வருகிறேன். பெயர்தான் களிமண், அதில் மண் ஒரு சிட்டிகைகூட இல்லை. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசியைத் தூளாக எடுத்து, இளக்கம் கொடுக்க எண்ணெய் மாதிரியான ஒரு பொருளைச் சேர்த்துப் பிசைந்தது. காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் காயாது; சுட்டால்தான் இறுகும். ஜெர்மனியின் ஃபிமோ என்ற பிராண்டுக் களியை 110 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட வேண்டும். அமெரிக்காவின் ஸ்கல்பிக்கு இன்னும் கொஞ்சம் அதிகச் சூடு. ஃபிமோவில் சின்னக் கட்டி 57 கிராம். நான் கடைசியாக வாங்கியபோது 300 ரூபாயை நெருங்கிவிட்டது. உங்கள் நூறு இருநூறு, கட்டியைப் பிரிப்பதற்குள் போய்விட்டது. காற்றில் காயும் களி என்று விற்பது வேறு சரக்கு. விலை குறைவு, ஆனால் காயக் காயச் சுருங்கும், மெல்லிய இடங்களில் வெடிக்கும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேக் செய்கிற ஓடிஜியிலேயே இதையும் சுடாமல் தனியாக ஒரு சிறியது வாங்குங்கள். அதன் குமிழை நம்பாதீர்கள். என்னுடையதில் 110-இல் வைத்தால் உள்ளே 140 ஓடும். தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் முதல் யாளியின் தந்தங்கள் இரண்டும் பொரித்த அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. அது பரவாயில்லை. கருகவே விட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரியும். குழந்தை இருக்கிற வீடு என்றால் கவனம். சுடும்போது பாதியில் மின்சாரம் போனால் பதற வேண்டாம், வந்த பிறகு மறுபடி சுடலாம்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். சித்திரையில் இந்தக் களி கையோடு வந்துவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் தட்டையாக்கி வைத்து, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் தாளைப் பார்த்தால் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி இருக்கும். களி சொன்னபடி கேட்கும். மின்விசிறியைப் போட்டால் தூசி ஒட்டும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டுத்தான் வேலை. மே மாதம், மதுரை, மின்விசிறி இல்லாமல்! இதற்கெல்லாம் யாரும் விலை போடுவதில்லை.

இப்போது நான் பட்ட பாடு. 2021 நவராத்திரிக்கு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி, கொலுவில் வைக்க ஒரு யாளி கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: சில கோயில்களில் கல் யாளியின் வாயில் கல் உருண்டை உருளுமே, விரலை விட்டால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாதே, அதே மாதிரி வேண்டும் என்றார். யோசிக்காமல் சரி என்றேன். விலை 2,800 ரூபாய்.

உருண்டையை முதலில் தனியாகச் சுட்டுக்கொண்டேன். அதை அப்படியே வாய்க்குள் வைத்துச் சுற்றிலும் இன்னும் சுடாத களியால் பல் வைத்தால் பிடித்துக்கொண்டு நகராது. இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மூன்றாவது முறை உருண்டையைச் சோளமாவில் நன்றாகப் புரட்டி எடுத்து வைத்து, பிறகு பல் வரிசையை மூடி, சுட்டு, ஆறவிட்டு, ஒரு தூரிகையால் மாவைத் தட்டினேன். யாளியைச் சாய்த்தபோது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். கணவர் கேட்டுவிட்டு “ம்” என்றார்.

உடம்பில் செதில். உறிஞ்சுகுழலை நீளவாக்கில் பாதியாக வெட்டி, அதன் விளிம்பால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் வரிசை கோணிவிடும். சுட்ட பிறகு வண்ணம். அடர்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து உடம்பு முழுக்கப் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மேட்டில் உள்ளது துணியோடு வந்துவிடும்; பள்ளத்தில் உள்ளது தங்கும். அப்போதுதான் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு வெளிர் மஞ்சளைத் தூரிகையில் தொட்டு, தொட்டதையெல்லாம் தாளில் துடைத்துவிட்டு, தூரிகையில் ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும் நேரத்தில் செதில்களின் மேல் தடவ வேண்டும். கல்லில் வெயில் பட்ட மாதிரி வரும். இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கைக்கு வர வேண்டும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் கோட்டை விட்டேன். பளபளப்புக்காக ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்பிரே வார்னிஷ் வாங்கி அடித்தேன். கண்ணாடி போல் மின்னியது. மறுநாள் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து, கொலு வைக்கிற அன்று மாமியிடமிருந்து தொலைபேசி.

“ஏம்மா, உன் யாளிக்கு வியர்க்கிறது.”

எனக்குப் புரியவில்லை. “வியர்க்கிறதா மாமி?”

“தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. காகிதத்தைப் பிரித்தால் பாதி அதன் உடம்போடு போய்விட்டது.”

சில ஸ்பிரேக்களில் இருக்கும் கரைப்பான் இந்தப் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். ஒருமுறை பிடித்துவிட்டால் எத்தனை மாதமானாலும் அந்தப் பிசுபிசுப்பு காயாது. நகப்பூச்சைப் பூசினாலும் இதே கதைதான். தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக இரண்டு கை பூச வேண்டும். அதையும் முதலில் ஒரு துண்டுக் களியில் பூசி, ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாமல் விற்கலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அதனால்தான் வேறொன்று செய்து கொடுத்தேன், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்காமல். கொலு முடிவதற்குள் கொடுக்க முடியவில்லை. மாமி கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

இனி கணக்கு. மாமிக்குச் செய்த முதல் யாளிக்கு 22 மணி நேரம். பொருள் 640, கூரியர் 180, பெட்டியும் பஞ்சும் 90 ரூபாய். எல்லாம் போக 1,890 நிற்கும்; மணிக்கு 86 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது யாளி கை பழகியதால் 18 மணி நேரத்தில் முடிந்தது. அதற்கும் அதே 640, அதே 180, அதே 90. பழையதைத் திருப்பி வரவழைத்த கூரியர் இன்னொரு 180. முடிவில் கையில் நின்றது 800 ரூபாய், 40 மணி நேரத்துக்கு. மணிக்கு 20 ரூபாய். மதுரையில் அதற்கு ஒரு ஜிகர்தண்டா வராது. மின்சாரத்தையும், சேதமான இரண்டு தலைகளையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

“மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் இதைவிடப் பெரிய பொம்மை இதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே” என்று இப்போது யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பார். கிடைக்கிறது. நானே வருடா வருடம் அங்கே போய் வாங்குகிறேன். அவர்கள் அச்சில் எடுத்து, குடும்பமே சேர்ந்து நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள்; அவர்கள் தொழில் வேறு, அவர்களுக்கும் கிடைக்க வேண்டிய விலை கிடைப்பதில்லை என்பது என் கட்சி. என்னுடையது ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. உயர்வு தாழ்வு பேசவில்லை, மணிக்கணக்கைத்தான் பேசுகிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். நீங்கள் இதைச் செய்கிறீர்கள் என்று தெருவில் தெரிந்த அன்றிலிருந்து, பள்ளிச் செயல்திட்டங்கள் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வரும். இரவு எட்டரைக்குக் கதவு தட்டப்படும். “அக்கா, நாளைக்குக் கடைசி நாள், ஒரு எரிமலை மட்டும்.” எரிமலை முடிந்தால் சூரியக் குடும்பம். அதற்குப் பிறகு மனித இதயம், நான்கு அறைகளும் நான்கு நிறத்தில். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்ய வேண்டியதை அம்மா செய்கிறார், அம்மாவால் முடியாததை நான் செய்கிறேன், மதிப்பெண் போடுகிற ஆசிரியைக்கும் இது தெரியும். பிள்ளை எங்கள் சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கும். கோணல்மாணலாகப் பிள்ளையே பிசைந்த எரிமலைக்கு மதிப்பெண் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பணம் கேட்டால் “களிமண்தானே அக்கா” என்பார்கள். உங்கள் வரி எனக்கு ஏன் சுட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, கட்டுபடியாகுமா? எனக்கு இப்போது ஆகிறது, ஆனால் வீட்டு வாடகை கொடுக்கிற அளவுக்கு இல்லை. மாதம் மூன்று, மிஞ்சினால் நான்கு. உருண்டை உருளும் யாளி இன்று 4,500 ரூபாய், கூரியர் தனி. கண்காட்சிகளில் கடை போட்டுப் பார்த்தேன். குழந்தைகள் வாலை முறுக்கினதுதான் மிச்சம். விற்பனை எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான், அதுவும் முடிந்த பொம்மையின் படத்தைவிடச் செதில் அழுத்துகிற காணொளிக்குத்தான் ஆள் வருகிறார்கள். கார்ட்டூன் பாத்திரங்களைச் செய்து தரச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். அது அடுத்தவர் உரிமை, நான் செய்வதில்லை. வாலுக்குள் கம்பி வையுங்கள். பொட்டலம் கட்டும்போது முதலில் வெண்ணெய்த்தாள், அதற்கு மேல் மற்றவை. குமிழ் உறையை நேரடியாகச் சுற்றினால் வார்னிஷில் வட்டம் வட்டமாகத் தடம் விழும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம்.

மாமி இன்றும் நவராத்திரிக்குப் படம் அனுப்புகிறார். யாளி மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பேரன் அதை எடுத்து எடுத்துக் குலுக்குகிறானாம்.

வியர்த்த யாளி என் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. தொட்டால் இன்னும் விரல் ஒட்டும். அதன் தொடையில் செய்தித்தாளின் ஒரு பத்தி அப்படியே பதிந்திருக்கிறது, இடம் வலம் மாறி. கண்ணாடியில் காட்டினால் படிக்கலாம்: அன்றைய தங்கம் விலை. நாற்பது மணி நேரம் உட்கார்ந்ததற்கு, கிடைத்த 2,800-இல் அன்றைக்கே அரை கிராம் வாங்கிப் போட்டிருக்கலாம் என்று கணவர் சொல்லாத நாளில்லை.