ஒரு லட்சம் பவுண்டு இசைத்தட்டு என் பெட்டியில் இருக்கிறதா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். அடுத்த வீட்டு முதியவர் சென்ற ஆண்டு காலமானார். இளமையில் விகன் நகர நடனக் கூடத்துக்கு வாராவாரம் போய்வந்தவர். வீட்டைக் காலி செய்தபோது அவருடைய மகள், "உங்களுக்குப் பழைய பாட்டு பிடிக்குமே" என்று சொல்லி இரண்டு பெட்டி சிறிய இசைத்தட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். அவற்றில் ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' இருக்கிறது. அந்தத் தட்டின் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றதாகப் படித்தேன். என்னிடம் இருப்பதில் 'டிஎம்ஜி' என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கிறது. இதன் மதிப்பு என்ன? மற்ற தட்டுகளை எப்படி மதிப்பிடுவது, எங்கே விற்பது?

பதில்: ஏமாற்றமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1979-ல் பிரிட்டனில் முறைப்படி வெளியான டிஎம்ஜி 1170 பதிப்பு. கீறல் இல்லாமல் இருந்தால் சில பத்துப் பவுண்டுகள் கிடைக்கும். ஒரு லட்சத்துக்குப் போனது 1965-ல் அமெரிக்காவில் அச்சான தட்டு. இரண்டிலும் ஒரே குரல், ஒரே பாட்டு, ஒரே ஒலிப்பதிவு. ஆனாலும் விலையில் இவ்வளவு தூரம் ஏன் என்று புரிந்துகொண்டால், உங்கள் பெட்டியில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஃபிராங்க் வில்சன், டெட்ராய்ட் நகரில் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பாட்டு எழுதியவர், தயாரித்தவர். 1965-ன் இறுதியில் அவரே பாடிய இந்தத் தட்டை, மோட்டவுனின் துணை லேபிளான (வெளியீட்டுப் பெயரான) 'சோல்' 35019 என்ற எண்ணில் வெளியிடுவதாக இருந்தது. வானொலிக்காரர்களுக்கு அனுப்பும் மாதிரிப் பிரதிகள் கொஞ்சம் அச்சாயின. பிறகு வெளியீடு கைவிடப்பட்டது, பிரதிகளும் அழிக்கப்பட்டன. வில்சன் பாடகராக முயலாமல் தயாரிப்பிலேயே நிலைத்தார். சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், எடி கெண்ட்ரிக்ஸ் ஆகியோருக்கு வெற்றிகளைத் தந்து, பின்னாளில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போய், 2012-ல் காலமானார். அழிவிலிருந்து தப்பிய பிரதிகளாக நீண்ட காலம் உலகம் அறிந்திருந்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று 2009-ல் ஏலத்தில் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-ல் கைமாறியபோது ஒரு லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது.

அமெரிக்காவில் எவரும் கேட்டிராத பாட்டுக்கு இங்கிலாந்தில் இந்த மவுசு எப்படி வந்தது? அதற்கான பதில் உங்கள் அண்டை வீட்டுக்காரர் போய்வந்த கூடத்தில்தான் இருக்கிறது. விகன் கசினோ என்ற அந்த நடனக் கூடம் 1973 முதல் 1981 வரை நடந்தது. நள்ளிரவுக்குப் பின் தொடங்கி காலை எட்டு மணி வரை ஆட்டம். மது கிடையாது. வட இங்கிலாந்தின் தொழிற்சாலை இளைஞர்கள் ஆடுவதற்குக் கேட்டது, அறுபதுகளின் டெட்ராய்ட் பாணியில் வேகமான தாளம் கொண்ட கறுப்பின அமெரிக்கரின் 'சோல்' பாட்டு. இங்கே அதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர். மோட்டவுனின் புகழ்பெற்ற பாடல்கள் எல்லார் வீட்டிலும் இருந்தன. ஆகவே டி.ஜே.க்கள் அதே பாணியில் பதிவாகி, விற்காமல் முடங்கிப்போன தட்டுகளைத் தேடி அமெரிக்கக் கிடங்குகளுக்குப் போனார்கள். மற்ற டி.ஜே.யிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருந்தால்தான் கூட்டம் தன் பக்கம் வரும். போட்டியாளர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தட்டின் நடுவிலுள்ள லேபிளின் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்து, பாடகருக்குப் பொய்ப் பெயரும் வைப்பார்கள். ஃபிராங்க் வில்சனின் இந்தப் பாட்டே விகனில் எடி ஃபோஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில்தான் முதலில் சுழன்றது.

ஆகவே இந்தச் சந்தையில் விலை கிடைப்பது, அன்று விற்காமல் தோற்ற தட்டுக்குத்தான். வென்ற தட்டு லட்சக்கணக்கில் அச்சானது, இன்றும் மூலைக்கு மூலை கிடைக்கிறது. 'டெயின்டட் லவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குளோரியா ஜோன்ஸ் 1965-ல் 'சாம்பியன்' லேபிளில் பாடியபோது அது எடுபடவில்லை. ரிச்சர்ட் சீர்லிங் என்ற டி.ஜே. 1973-ல் அமெரிக்காவிலிருந்து அதைக் கண்டெடுத்து வந்தார். 1981-ல் சாஃப்ட் செல் குழு அதே பாட்டைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சேகரிப்பாளர் தேடுவது அந்த 'சாம்பியன்' தட்டை. சாஃப்ட் செல் தட்டை ஒரு பவுண்டுக்குக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவார்கள்.

இதைவிட விசித்திரமானது டாரெல் பேங்க்ஸின் கதை. 1966-ல் வந்த 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் 'ரெவிலாட்' லேபிளில் நன்றாகவே விற்றது. அந்த அமெரிக்கத் தட்டை இன்றும் சாதாரண விலைக்கு வாங்கலாம். பிரிட்டனில் 'லண்டன்' லேபிள் அதை அச்சிட்டது. ஆனால் உரிமை இன்னொரு நிறுவனத்திடம் என்று ஆனதும் தட்டு திரும்பப் பெறப்பட்டு, 'ஸ்டேட்சைட்' லேபிளில் வெளியானது. கடைக்கென அச்சான 'லண்டன்' பிரதி ஒன்றாவது தப்பியிருக்குமா என்று பல பத்தாண்டுகள் சந்தேகமே நிலவியது. கடைசியில் ஒன்று வெளிப்பட்டு, ஏலத்தில் 14,543 பவுண்டுக்குப் போனது. பாட்டு வேண்டுமென்றால் மலிவு. அந்த லேபிள் வேண்டுமென்றால் ஒரு கார் வாங்கும் பணம். எனக்கே இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது.

விலை இன்னும் நிற்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்த இசைக்கான முழு இரவு நடனங்கள் இன்றும் நடக்கின்றன. லண்டன் 100 கிளப்பில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் டி.ஜே. முதற்பதிப்பை மட்டுமே சுழற்ற வேண்டும் என்பது எழுதப்படாத விதி, சில இடங்களில் எழுதிய விதியே. மறுபதிப்போடு போனால் முகம் சுளிப்பார்கள். இந்தப் பிடிவாதம் இல்லையென்றால் பாதி விலைகள் சரிந்துவிடும்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். தெரிந்த பெயர்களை, அதாவது சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்களை ஒரு பக்கம் ஒதுக்கிவையுங்கள். அவை ஒன்றிரண்டு பவுண்டுகள். நீங்கள் கேள்வியே பட்டிராத பாடகர், ஊர்ப்பெயரும் முகவரியும் அச்சாகிய சிறிய அமெரிக்க லேபிள், 1964-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் அதைத் தனியே எடுங்கள். பிரிட்டிஷ் தட்டுகளில் 'டெமோ' (மாதிரிப் பிரதி) என்றோ விற்பனைக்கு அல்ல என்றோ அச்சாகியவற்றையும், லேபிளில் பெரிய 'ஏ' எழுத்து உள்ளவற்றையும் தனியே வையுங்கள். அமெரிக்கத் தட்டின் நடுத்துளை பெரியது என்பது பொதுவான அடையாளம். ஆனால் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்துக்காகத் துளையைப் பெரிதாக்கிய பிரிட்டிஷ் தட்டுகளும் ஏராளம் என்பதால் துளையை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது போலிகள். விகனுக்குப் போன எவருடைய பெட்டியிலும் இவை இருக்கும் என்று அடித்துச் சொல்லலாம். அசலை வாங்க முடியாத இளைஞர்களுக்காக எழுபதுகளிலேயே கள்ளப்பதிப்புகள் அச்சாகிக் குவிந்தன. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பள்ளமில்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் எழுத்துகளும் எண்களும் பொறித்திருப்பார்கள். விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். அசலில் இயந்திர முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கிறுக்கிய எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லா அசலிலும் முத்திரை இருக்கும் என்றில்லை. ஆகவே அந்தந்தத் தட்டின் அசல் அடையாளம் என்ன என்று ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையில் அச்சானவற்றில் ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் வரிசையாக ஏறுவதால் அச்சான காலத்தையே கணித்துவிடலாம். லேபிள் எழுத்து மங்கலாக, அச்சைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டதுபோல் இருந்தாலும் போலி என்றே எண்ணத் தொடங்குங்கள்.

நிலைமை விலையை எப்படி மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் 'கோல்ட்மைன்' பத்திரிகையின் தரவரிசையையே பலரும் பின்பற்றுகிறார்கள். புதிதுபோல் உள்ளதை 'நியர் மின்ட்' என்பார்கள். அதற்கடுத்த 'வெரி குட் பிளஸ்' தட்டுக்கு அதில் பாதி விலை, 'வெரி குட்' தட்டுக்குக் கால் பங்கு. இந்தக் கடைசித் தரத்தில் பாட்டோடு சரசரப்பும் சேர்ந்து கேட்கும். உலகில் நாலைந்தே பிரதிகள் உள்ள தட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கீறலோடு கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

அமெரிக்கத் தட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. பல ஆலைகள் வினைலுக்குப் பதிலாக ஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டன. விரலால் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும், வளையாது, லேபிள் மேலே ஒட்டியதாக இருக்கும். தேய்ந்த ஊசியோ கனமான ஊசியோ பட்டால் ஸ்டைரீன் சீக்கிரம் தேய்ந்துவிடும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் தட்டு, ஓடவிட்டால் இரைச்சலாகக் கேட்கும். டி.ஜே. கையில் இருந்த தட்டுகளில் பாட்டின் தொடக்கத்தைத் தேடி முன்னும் பின்னும் சுழற்றியதால், முதல் சில விநாடிகள் மட்டும் உஸ்ஸென்று இரையும். எனவே விற்குமுன் கேட்டுப் பார்ப்பது அவசியம். ஆனால் கைப்பெட்டி வடிவில் விற்கும் மலிவான பிளேயர்களில் தயவுசெய்து போடாதீர்கள். ஊசியின் எடையைச் சரிசெய்யக்கூடிய நல்ல டர்ன்டேபிள் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை செங்குத்தாக நிறுத்தி, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். லேபிளில் ஈரத்துணி பட வேண்டாம். பெரியவர் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அழிக்க முயல வேண்டாம். எழுத்து விலையைக் கொஞ்சம் குறைக்கும், அழித்த தழும்பு இன்னும் குறைக்கும்.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பழைய ஏல முடிவுகளை பாப்சைக் தளம் சேர்த்து வைத்திருக்கிறது. இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் விற்பனை வரலாறு உண்டு. சரியான பதிப்பின் பக்கத்தைத் திறந்திருக்கிறோமா என்று எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே உச்ச விலையை விட்டுவிட்டு நடுவிலையைக் கவனியுங்கள். ஏலத்தில் விலை ஏற ஒருவர் போதாது, விட்டுக்கொடுக்காத இருவர் வேண்டும். அவர்களில் ஒருவருக்குத் தட்டு கிடைத்துவிட்டால், அடுத்து வரும் பிரதி பாதி விலைக்கு நிற்பது சகஜம். விகனில் ஆடியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களுடைய சேகரிப்புகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருவதால், ஐம்பது நூறு பவுண்டு பெறும் நடுத்தரத் தட்டுகளைப் பதுக்கிவைப்பதில் இலாபம் இல்லை என்பது என் எண்ணம். அபூர்வமானவற்றின் விலை இப்போதைக்கு இறங்குவதாகத் தெரியவில்லை.

விற்பதற்கு உங்களுக்கு வசதியான ஊர் அமைந்திருக்கிறது. அபூர்வ சோல் தட்டுகளுக்கென்றே ஏலம் நடத்தி, விலைக் கையேடுகளும் வெளியிட்ட ஜான் மேன்ஷிப்பின் நிறுவனம் உங்கள் மாவட்டத்திலேயே மெல்ட்டன் மோப்ரேயில் வளர்ந்தது. நூறு பவுண்டைத் தாண்டும் என்று தோன்றுபவற்றை இப்படிச் சோலுக்கென்றே உள்ள ஏலத்தில் விடுங்கள். பொதுவான ஏலக் கூடத்தில் "கலவையான தட்டுகள், ஒரு பெட்டி" என்று சுத்தியலைத் தட்டிவிடுவார்கள். கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச விலை வைக்கலாமா என்று முன்னதாகவே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்தால் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வரும். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது. ஒரு தட்டு 6,000 பவுண்டைத் தாண்டி விற்றால் மட்டும் மூலதன ஆதாய வரி பற்றிக் கணக்காளரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எதையும் விற்குமுன் அந்த மகளிடம் பேசுங்கள். விலை தெரியாமல் கொடுத்தவர் அவர். பெட்டியில் பெருந்தொகை பெறும் தட்டு இருந்தால் அவரிடம் சொல்லிப் பங்கிட்டுக்கொள்வதே அழகு. தந்தையின் உறுப்பினர் அட்டை, சட்டையில் தைக்கும் விகன் சின்னங்கள், தட்டு வாங்கிய பட்டியல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு, தட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சான்றாகவும் அமையும். இன்னொன்று, இவ்வகைச் சேகரிப்பாளர்கள் தங்கள் உயர்ந்த தட்டுகளைப் பெரிய பெட்டிகளில் போடுவதில்லை. நடனத்துக்குத் தூக்கிப்போக வசதியாகக் கைப்பிடி வைத்த சிறிய பெட்டியில் தனியே வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று அலமாரி மேலோ பரணிலோ கிடக்கலாம். பழைய துணிமணிகளோடு அதைச் சாரிட்டி கடைக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.