ஒட்டிக்கொள்ளும் ஹெமட்டைட் அசல்தானா?

கேள்வி: தேக்காவில் ஒரு கடையில் "இயற்கை ஹெமட்டைட் காந்தக்கல், போட்டால் ரத்த அழுத்தம் குறையும்" என்று சொல்லி 38 வெள்ளிக்கு ஒரு பிரேஸ்லெட் கொடுத்தார்கள். கருப்பாகப் பளபளக்கிறது. மணிகள் ஒன்றோடொன்று 'டக்'கென்று ஒட்டிக்கொள்கின்றன. அம்மாவுக்காக வாங்கினேன். கல் அசலா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: அப்படி ஒட்டுகிறதே, அதுவே போதும். அது இயற்கை ஹெமட்டைட் இல்லை. ஹெமட்டைட் ஓர் இரும்பு ஆக்சைடு தாது. அதன் எடையில் சுமார் 70 விழுக்காடு இரும்பு இருந்தாலும், காந்தம் அதை லேசாகத்தான் இழுக்கும். சிலசமயம் இழுப்பதே தெரியாது. காந்தத்தோடு நன்றாக ஒட்டும் தாது மேக்னடைட். நம்ம சேலம் கஞ்சமலையில் கிடைப்பது அதுதான். கடைகளில் 'காந்த ஹெமட்டைட்' என்று விற்பது பெரும்பாலும் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சூளையில் சுட்டு, காந்தமேற்றிய செயற்கைப் பொருள்.

மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் தேய்த்துப் பார்க்கச் சொல்வார்கள். ஹெமட்டைட் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் செங்காவி நிறத்தில்தான் கோடு விழும். காவிக்கல்லுக்குச் சிவப்பைத் தருவதும், நகைப் பட்டறையில் மெருகேற்றும் சிவப்புப் பொடியும் இதே ஆக்சைடுதான். ஆனால் சில ஃபெரைட் மணிகளும் பழுப்பாகக் கோடு போடும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கு இது மருந்தில்லை. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியவே கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்: இரண்டு காந்த மணிகளை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடலாம்.

சரி, பணம்? மனம் மாறியது என்பதற்காகக் கடைக்காரர் திருப்பித் தர வேண்டியதில்லை. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் கேட்கலாம். ரசீதை முதலில் பாருங்கள். 'இயற்கை ஹெமட்டைட்' என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். 'ஹெமட்டின்' என்றிருந்தால் அது செயற்கை மணிக்கான வியாபாரப் பெயர், கடைக்காரர் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுங்கள். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது; ஆனால் 38 வெள்ளிக்காக அதுவரை போக வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.