பை பெரிதாக இருந்தால் போதுமா?

(வாசகர் கேள்வி-பதில். இந்த முறை வந்தவை எல்லாம் காற்றடித்து, மேலே நின்றபடி துடுப்புப் போடும் பேடில் போர்டு பற்றிய கேள்விகள். பதில் சொல்பவர் முட்டுக்காடு உப்பங்கழிப் பக்கம் இந்தப் பலகைகளை வாடகைக்கு விடுகிறவர். ஓட்டை விழுந்தவற்றுக்கு ஒட்டுப் போடுகிறவரும் அவரே.)

கே: எனக்கு 84 கிலோ எடை. வாடகைப் பலகையில் ஓரளவு பழகிவிட்டேன். சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் இரண்டு 'பிரீமியம் பேக்கேஜ்' கண்ணில் படுகிறது. ஒன்றில் பலகை, 'கார்பன்' துடுப்பு, கரன்ட் பம்ப், சீட், தண்ணீர் புகாத பை, ஃபோன் உறை என்று ஏகப்பட்ட சாமான். இன்னொன்றில் பலகை, துடுப்பு, கைப்பம்ப், பை மட்டும்தான். ஆனால் விலை அதைவிட அதிகம். எதை வாங்குவது?
- வாசகர், சோழிங்கநல்லூர்

ப: சாமான் குறைவாக இருக்கும் இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். ஃபோன் உறையும் பையும் விற்பவருக்குச் சில்லறைச் செலவு. உங்கள் காசு போக வேண்டிய இடம் பலகையின் வயிறு.

ஒட்டுப் போடக்கூட லாயக்கில்லாமல் போன பலகைகளைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது என் பழக்கம். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் சாரல் மழை மாதிரி நெருக்கமாக நிற்கும். ட்ராப் ஸ்டிட்ச் என்பது இதுதான். காற்று ஏற ஏற இரண்டு துணியும் விலகப் பார்க்கும், நூல்கள் விடாது. அதனால்தான் இது மெத்தை போல உப்பாமல், 15 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்றிலும் தட்டையாக, விறைப்பாக நிற்கிறது. நான் அறுத்த மலிவுப் பலகைகளில் நூல் கலைந்து, இடைவெளி விட்டு இருந்தது. அப்படிப்பட்ட பலகையில் 84 கிலோ ஏறினால் நடுப்பகுதி தொய்ந்து, மூக்கும் வாலும் தூக்கிக்கொள்ளும். துடுப்புப் போட்ட பலத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும்.

அடுத்தது பிவிசி பூச்சு. ஒற்றை அடுக்கு என்றால் எடையும் விலையும் குறைவு, விறைப்பும் குறைவு. இரட்டை அடுக்கு என்றால் ஒரு பிவிசி தாளின் மேல் இன்னொன்றைப் பசை வைத்து ஒட்டியது. உறுதிதான், ஆனால் கனம் ஏறிவிடும். 12 கிலோ தாண்டும் பலகைகள் பெரும்பாலும் இந்த ரகம். ஃப்யூஷன் என்று விற்பதில் இரண்டாவது அடுக்கைப் பசை இல்லாமல் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ரெட் நிறுவனம் தன்னுடையதை எம்எஸ்எல் என்று சொல்லும். இது இரட்டை அடுக்கின் விறைப்போடு இரண்டு மூன்று கிலோ குறைவாக வரும். மாடியிலிருந்து இறக்கி, காரில் ஏற்றி, மணலில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அந்த இரண்டு கிலோவின் அருமை தெரியும்.

பக்கவாட்டு ஓரம்தான் எனக்குச் சோறு போடுகிற இடம். மேல், கீழ்த் துணிகளைச் சேர்த்துச் சுற்றிவரும் பட்டையைச் சில நிறுவனங்கள் பசையால் ஒட்டும். சில சூடேற்றி உருக்கி இணைக்கும், வெல்டிங் மாதிரி. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இரண்டாவதுதான் எனக்குத் திருப்தி. கடையில் கட்டை விரலை ஓரத்தில் வைத்து வாலிலிருந்து மூக்கு வரை ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பசை வழிந்து காய்ந்த கறையோ, நகம் நுழைகிற அளவுக்குப் பட்டை எழும்பிய இடமோ தட்டுப்பட்டால் அந்தப் பலகை வேண்டாம்.

உங்கள் எடைக்கு 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன் சரியாக இருக்கும். இந்த அளவுப் பலகையின் கொள்ளளவு 300 லிட்டரை ஒட்டி வரும். '150 கிலோ தாங்கும்' என்று அட்டையில் போட்டிருப்பது மூழ்காது என்கிற கணக்கு. வளையாமல் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு அட்டையில் பதில் இருக்காது. 15 பிஎஸ்ஐ ஏற்றச் சொல்லி, இரண்டு முனைக்கும் கீழே செங்கல் வைத்து, நடுவில் ஏறி நின்று பாருங்கள். முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

துடுப்புக்கு வருவோம். 'கார்பன்' என்று பெயின்ட் அடித்த துடுப்புகள் நிறைய வருகின்றன, அதனால் தராசில் வைத்துப் பாருங்கள். அலுமினியத் துடுப்பு ஒரு கிலோ சுமாருக்கு வரும், நல்ல கார்பன் 650 கிராம் அளவில் நிற்கும். வித்தியாசம் 350 கிராம்தானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 30 முறை துடுப்புப் போட்டால் மணிக்கு 1,800 முறை. அந்த 350 கிராமை 1,800 முறை தூக்கினால் 630 கிலோ. தோள்பட்டைக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். சீட்டையும் உறையையும் விட்டுவிட்டு அந்தக் காசைத் துடுப்பில் போடுங்கள். நீளம் உங்கள் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், துடுப்பின் அலகு, அதாவது தண்ணீரில் இறங்கும் தட்டைப் பகுதி, முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் திருப்பித்தான் பிடிக்கிறார்கள்.

பலகை நேராகப் போவதற்காக அடியில் மீன் துடுப்பு மாதிரி மாட்டுவது ஃபின். அதைப் பொருத்தும் பெட்டியையும் குனிந்து பாருங்கள். யுஎஸ் ஃபின் பாக்ஸ் என்கிற பொது அளவு என்றால், ஃபின் உடைந்தாலோ தொலைந்தாலோ வேறு நிறுவனத்தினுடையதை மாட்டிக்கொள்ளலாம். கம்பெனியின் தனி அளவு என்றால் அவர்களைத்தான் தேட வேண்டும். முட்டுக்காட்டில் நீர் வற்றும்போது மணல் திட்டு மேலே வந்துவிடும். 9 அங்குல ஃபின் அதில் தட்டி, நீங்கள் தலைக்குப்புற முன்னால் போவீர்கள். வளைகிற ரப்பர் ரகத்தில் 4 அங்குல ஃபின் ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை பலகையை விமானத்தில் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். சாத்தியமா? கரன்ட் பம்ப் வாங்கிவரச் சொல்லலாமா?
- வாசகி, மயிலாப்பூர்

ப: தாராளமாகக் கொண்டுவரலாம். சுருட்டிப் பையில் வைத்தால் பம்ப், துடுப்பு சேர்த்து 15 முதல் 18 கிலோ ஆகும். ஆனால் பை ஆளுயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும், அதனால் எடையோடு நீள அகல வரம்பையும் விமான நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.

பம்ப் விஷயத்தில் கவனம் தேவை. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுகிற ரகத்துக்குப் பிரச்சினை இல்லை. உள்ளேயே லித்தியம் பேட்டரி இருக்கிற ரகம் என்றால், பேட்டரியின் அளவு 100 வாட் ஹவருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி கேட்பார்கள். என்னைக் கேட்டால் கைப்பம்பே போதும். ஆனால் கைப்பிடியை மேலே இழுக்கும்போதும் கீழே அமுக்கும்போதும் காற்றடிக்கிற ரகமாக, அழுத்தம் கூடியதும் ஒற்றை வழிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாங்கச் சொல்லுங்கள். அந்த மாற்றும் வசதி இல்லாவிட்டால் கடைசி 5 பிஎஸ்ஐ ஏற்றுவதற்குள் முதுகு பேச ஆரம்பித்துவிடும்.

கே: புதுப் பலகை. எவ்வளவு அடித்தும் மீட்டர் முள் அசையவே இல்லை. குழாயை எடுத்தால் புஸ்ஸென்று மொத்தக் காற்றும் போய்விடுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், புதுச்சேரி

ப: கொடுக்காதீர்கள், பலகை நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையது இரண்டு தனித்தனி விஷயம். கைப்பம்பின் முள் பெரும்பாலும் 5, 6 பிஎஸ்ஐ வரை தூங்கும். பலகை முழுதாக உப்பி, அடிப்பது கஷ்டமாகிற நேரத்தில்தான் எழுந்திருக்கும்.

வால்வின் மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு குமிழ் தெரியும். அதை அமுக்கித் திருகினால் உள்ளேயே தங்கிவிடும். அது காற்றை வெளியேற்றுகிற நிலை. இன்னொரு முறை அமுக்கித் திருப்பிவிட்டால் மேலே எழும்பி நிற்கும். காற்றடிக்கும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். மூடும் முன் அந்தக் குமிழைச் சுற்றி மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து ஊதிவிடுங்கள். ஒரு பருக்கை மணல் போதும், இரவெல்லாம் காற்று கசியும்.

கே: ஞாயிறு காலையில் காற்றடித்து, திங்கள் மாலை வரை அப்படியே மொட்டை மாடியில் வைத்திருக்கலாமா?
- வாசகர், திருவான்மியூர்

ப: நிழல் இருந்தால் வைக்கலாம். சென்னை மாடி வெயிலில் வேண்டாம். காலை 30 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த பலகைக்குள் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 18 ஆகிவிடும். வாங்கிய அன்றே வெடிக்காது, ஆனால் ஒட்டுப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். கரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதென்றாலும் 3, 4 பிஎஸ்ஐ இறக்கிவிட்டுப் போங்கள். இதே கணக்குத் தலைகீழாகவும் வேலை செய்யும். வெயிலில் அடித்த பலகையைத் தண்ணீரில் இறக்கியதும் அழுத்தம் குறையும். 'லீக் ஆகிறது' என்று என்னிடம் வருகிற பலகைகளில் சிலதுக்கு வியாதியே இதுதான்.

கே: பேக்கேஜிலேயே லீஷ் (பலகையோடு ஆளைக் கட்டும் கயிறு) வருகிறது. லைஃப் ஜாக்கெட் வரவில்லை. நீச்சல் தெரியும், அதனால் தேவையில்லைதானே?
- வாசகர், கேளம்பாக்கம்

ப: தேவை. நான் பார்த்த பேக்கேஜ்கள் எதிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. என் மனத்தாங்கலும் அதுதான். ஃபோனுக்கு உறை கொடுக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றும் இல்லை. நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதப்புள்ள, கை வீச இடம் விடுகிற ஜாக்கெட் போதும். நீந்தத் தெரியாதவருக்கு அது போதாது, 100 நியூட்டன் வேண்டும்.

லீஷ் விஷயம் இன்னும் முக்கியம். கடலில் காலில் கட்டுகிற லீஷ் சரி. விழுந்ததும் காற்று பலகையைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. லீஷ்தான் அதைப் பிடித்து வைக்கும். ஓடுகிற நீரில் கதையே வேறு. நீர் வற்றும் நேரத்தில் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் அடியில் முகத்துவாரத்தை நோக்கி இழுப்பு இருக்கும். பலகை தூணுக்கு ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம் என்று மாட்டிக்கொண்டால், இழுக்கிற தண்ணீருக்கு எதிராகக் குனிந்து கணுக்காலை அவிழ்க்க முடியாது. 2021 அக்டோபரில் வேல்ஸில் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊரில் வெள்ளம் ஓடிய ஆற்றில் பேடில் போர்டில் போனவர்களில் நாலு பேர் ஒரு தடுப்பணையில் இறந்தார்கள். அந்த விசாரணையில் கால் லீஷ் அந்த இடத்துக்குப் பொருந்தாதது என்பதும் பேசப்பட்டது. இடுப்பில் கட்டி, ஒரு குமிழை இழுத்தால் கழன்றுவிடும் லீஷ் தனியாகக் கிடைக்கிறது. கழிக்கும் ஆற்றுக்கும் அதை வாங்குங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவளம் பக்கம் ஜூன், ஜூலைக் காலைகளில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். அழகுதான். ஆனால் அப்போது வீசுவது கரையிலிருந்து கடலுக்குப் போகிற கச்சான் காற்று. கரையோரத்தில் அலை இருக்காது, உள்ளே போகப் போகத்தான் வேகம் தெரியும். நின்றுகொண்டிருக்கிற உங்கள் உடம்பே அதற்குப் பாய். திரும்பி வர முடியவில்லை என்றால் மண்டி போடுங்கள், அதற்கும் மேல் என்றால் குப்புறப் படுத்துக் கையால் தள்ளி வாருங்கள். மீனவர் யாராவது 'இன்னைக்கு வேணாம் தம்பி' என்றால் பேச்சே வேண்டாம், கழிக்கு வந்துவிடுங்கள்.

கே: கயாக் சீட்டும் சேர்ந்து வரும் டூ-இன்-ஒன் பேக்கேஜ் லாபமா?
- வாசகி, கோயம்புத்தூர்

ப: முட்டி வலி இருந்தால் லாபம். மற்றவர்கள் வீட்டில் அந்தச் சீட் பரணில்தான் இருக்கிறது.

கே: அக்கம்பக்கத்தில் ஒருவர் பழைய பலகையைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- வாசகர், நாகப்பட்டினம்

ப: விடியற்காலையில் காற்றடித்து, நிழலில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். 1 பிஎஸ்ஐ வரை குறைந்தால் கவலை வேண்டாம், குழாயை மாட்டும்போதே கொஞ்சம் போகும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வைச் சுற்றியும் அப்புறம் ஓரப் பட்டையிலும் தடவுங்கள். குமிழி வால்வில் கிளம்பினால் வாங்கலாம், ஸ்பேனரால் கால் திருகு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஓரப் பட்டையில் வரிசையாகக் கிளம்பினால் ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது விட்டுக்கொண்டு போகும். பாதி விலை அல்ல, கால் விலைக்கும் வேண்டாம். வால்வு ஸ்பேனர் பழுதுபார்க்கும் பெட்டியில் இருந்திருக்கும். கடையில் தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது, பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.