உங்களுக்குப் பிடித்த ஆய்வையும் ஒரு கேள்வி கேளுங்கள்

கேள்வி: இன்றைக்குத் தேங்காய் எண்ணெய் நஞ்சு என்கிறார்கள், நாளைக்கு அமிர்தம் என்கிறார்கள். முட்டையின் கதையும் அதுவே. சோறு சமைக்கும்போது ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் கலோரி பாதியாகக் குறையும் என்று நம் கொழும்பிலேயே கண்டுபிடித்த செய்தியை 2015இல் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை? ஏதாவது கேட்டால், "மாமா, இதெல்லாம் சர்வதேச சஞ்சிகைகளில் வந்த விஷயம், உங்களுக்கு விளங்காது" என்று பட்டதாரி மருமகன் என் வாயை அடைக்கிறார். ஆய்வுகளைக் கேள்வி கேட்கும் உரிமை படித்தவர்களுக்கு மட்டும்தானா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை

பதில்: உரிமை உங்களுக்கு உண்டு, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆய்வின் முடிவு எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் அது கடைசியில் வந்து சேருவது உங்கள் அடுப்படிக்கும் மருந்துப் பெட்டிக்கும்தான். ஆனால், ஐயா, உங்கள் கடிதத்தை மறுபடியும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது என்றவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற நீங்கள், நல்லது என்று சொன்ன செய்தியை மட்டும் கத்தரித்து ஆண்டுக் கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த நறுக்கை எப்போதாவது ஒரு கேள்வி கேட்டதுண்டா?

கேட்டிருக்கலாம். ஆய்வு உண்மையானது, நமக்குப் பெருமை தருவதும்கூட. இங்குள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் இளமாணி மாணவர் ஒருவர் தம் பேராசிரியரின் மேற்பார்வையில் 38 இலங்கை அரிசி வகைகளை எடுத்துக்கொண்டார். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, அரைக் கோப்பை அரிசியை இட்டு, மெல்லிய தீயில் 40 நிமிடம் வேகவைத்து, பிறகு 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது, எளிதில் சமிபாடடையாத மாப்பொருளின் அளவு 10 மடங்கு வரை கூடியதாக அவர்கள் கண்டார்கள். வேகும்போது எண்ணெய் மாப்பொருள் மணிகளுக்குள் புகுந்து சமிபாட்டு நொதியங்களுக்கு வழிமறிக்கிறது; குளிரும்போது மாப்பொருளின் ஒரு பகுதி மறுபடி இறுகிக்கொள்கிறது. சமிபாடடையாத மாப்பொருளிலிருந்து உடலுக்குச் சேரும் கலோரி குறைவு. இதை 2015 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் அறிவித்தார்கள்.

இனி உங்கள் நறுக்கில் உள்ள "பாதி"க்கு வருவோம். மிகப் பொருத்தமான அரிசி வகை கிடைத்து இந்த முறையில் சமைத்தால் 50 முதல் 60 சதவீதம் வரை குறையலாம் என்று ஆய்வாளர்கள் தெரிவித்த எதிர்பார்ப்பு அது. அளந்து கண்ட எண் அல்ல. அந்தச் சோற்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த கட்டம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். வெளிவந்ததும் மாநாட்டு உரையாகத்தான். துறைசார்ந்த வேறு விஞ்ஞானிகள் பரிசீலித்து ஏற்றுக்கொண்ட கட்டுரையாக அல்ல. இத்தனை நிபந்தனைகளையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. அவற்றை உதிர்த்துவிட்டு, ஆறு சொல்லில் தலைப்புக் கட்டியவர்கள் என் தொழிலைச் செய்கிறவர்கள். ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்று கேட்கிறீர்கள். பேசுவதற்கு மனிதரிடம் செய்த பரிசோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும்.

அந்த நாட்களில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி உங்கள் கொட்டாஞ்சேனையிலேயே, ஒரு பலசரக்குக் கடையின் அரிசிச் சாக்குகளுக்கு முன்னால் கேட்டது. சுருக்குப் பையும் கையுமாக நின்ற ஓர் அம்மா, "தம்பி, அது எந்த அரிசிக்குச் சொன்னது? எங்கட கீரிச் சம்பாவுக்கும் சரிவருமோ?" என்றார். "எல்லா அரிசியும் ஒண்டுதானே அக்கா" என்று கடைக்காரர் சிரித்தார். எல்லா அரிசியும் ஒன்றல்ல என்பதுதான் அந்த ஆய்வே. 38 வகைகளை அவர்கள் வேறு எதற்காக எடுத்தார்கள்? அந்த அம்மா எந்தச் சர்வதேச சஞ்சிகையையும் புரட்டியவராகத் தெரியவில்லை. (சோற்றைக் குளிரவைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: 12 மணி நேரம் என்பது குளிர்சாதனப் பெட்டிக்குள். கொழும்பு வெக்கையில் மேசைமேல் மூடி வைத்த சோற்றில் பெருகும் ஒருவகைப் பக்டீரியாவின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.)

"நஞ்சு" என்ற பேச்சையும் இதே விசாரணைக்கு உட்படுத்துவோம். ஜேர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பேராசிரியர் கரின் மிஷெல்ஸ் ஆற்றிய உரையில் விழுந்த வார்த்தை அது. 2018இல் உலகெங்கும் பரவியது. புதிய ஆய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை. உரையில் சொல்லப்பட்ட ஒரு காரமான வாக்கியம், அவ்வளவுதான். அதைக் கேட்டு நீங்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஜூனில், அமெரிக்க இருதயச் சங்கம் வெளியிட்ட ஆலோசனை அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 82 சதவீதம் நிரம்பிய கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் வகை, என்பதை எடுத்துக்காட்டிய அது, மற்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட 7 பரிசோதனைகளைப் பார்த்தது. ஏழிலும் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது, அவற்றில் 6இல் அது தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இருந்தது. இங்கேயும் கேட்க ஒரு கேள்வி உண்டு: அளந்தது கொலஸ்ட்ரோலையா, மாரடைப்பையா? அந்தப் பரிசோதனைகள் அளந்தது கொலஸ்ட்ரோலை. ஆகவே "எச்சரிக்கையாக இருங்கள்" என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. "நஞ்சு" என்பதற்கு இல்லை.

இதற்கு எதிராக நம்மவர் உடனே எடுக்கும் ஆயுதம் பாட்டி. தேங்காய்ப் பாலில் சொதி வைத்துக் குடித்து 90 வயது வரை இருந்தாரே என்பார்கள். 90 வரை இருந்தவரைத்தான் நாம் சாட்சிக்கு அழைக்கிறோம். 55இல் போய்விட்ட அவருடைய தம்பியின் சொதியைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சு வருவதில்லை. ஆனாலும் பாட்டியை நான் முழுவதும் கைவிடமாட்டேன், ஏனென்றால் அதே சந்தேகத்தை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பசிபிக் சமுத்திரத்தில் தொக்கெலாவ், புகாபுகா என்ற தீவுகளின் மக்களைப் பற்றி 1981இல் வெளிவந்த ஆய்வு அப்படிப்பட்டது. தொக்கெலாவ் மக்களுக்கு உணவுச் சக்தியில் 60 சதவீதத்துக்கும் மேல் தேங்காயிலிருந்தே கிடைத்தது. இருந்தும் அங்கே இரத்தக் குழாய் நோய்கள் அரிதாகவே காணப்பட்டன. அவர்கள் உண்டது முழுத் தேங்காயும் மீனும், சீனி சொற்பம். மாலையில் கடைத்தெருவில் வாங்கும் பொரித்த வடைக்கும் ரோல்ஸுக்கும் அந்தத் தீவுக்காரரைப் பிணை நிற்கச் சொல்ல முடியாது.

முட்டையின் கதை சுருக்கமானது. வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அதே இருதயச் சங்கம் 1968இல் சொன்னது. உணவில் கொலஸ்ட்ரோலுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி தன் 2015–2020 பதிப்பில் எடுத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த ஆதாரம், தட்டில் இருக்கும் கொலஸ்ட்ரோல் பெரும்பாலானோரின் இரத்தத்தில் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்று காட்டியது. மாற்றிச் சொன்னார்கள் என்று கோபிக்கிறீர்கள். தெரிந்த பிறகும் மாற்றாமல் இருந்திருந்தால் அல்லவா கோபிக்க வேண்டும்?

பிடித்ததைக் கேள்வியின்றி விழுங்குவதும் பிடிக்காததைக் கிண்டிக் கிளறுவதும் உங்கள் ஒருவரின் வழக்கமல்ல. 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம், ஹெட்டிமுல்லையில், கொரோனாவைத் தீர்க்கும் என்று ஒருவர் கொடுத்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் சுகாதார விதிகளையும் மீறி முண்டியடித்தார்கள். எத்தனை பேரிடம் சோதித்தது என்று அந்த வரிசையில் நின்று கேட்டவர்கள் இருந்தால் அவர்கள் மிகச் சிலரே. அதே மாதத்தில் 43,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய ஃபைசர் தடுப்பூசிப் பரிசோதனையின் முடிவு வெளியானது, அதைப் பற்றித்தான் "போதிய அளவு சோதித்தார்களா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கேட்டது. பாணியை எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே தொற்று உறுதியானது.

அரசாங்கமே இப்படி நடந்துகொண்டால் விலை இன்னும் பெரிது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும் சிறுநீரக நோய்க்கு, கிளைபோசேட் என்ற களைகொல்லியும் கடின நீரும் பார உலோகங்களும் சேர்ந்து காரணமாகலாம் என்று 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்கள் முன்வைத்தது ஒரு கருதுகோள். சோதித்துப் பார்க்கும்படி மற்றவர்களை அழைக்கும் ஒரு ஊகம். 2015இல் நாடு முழுவதும் அந்தக் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் புல் மண்டியது. அதைக் கையால் பிடுங்கும் பாடு யாருடைய முதுகில் விழுந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. நோய்க்கான காரணம் இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளிகளின் துயரம் மெய்யானது, உடனே எதையாவது செய்யவேண்டும் என்ற தவிப்பும் மெய்யானது. ஆனால் விடை விருப்பமானதாக இருந்தபடியால் அதைச் சோதிக்கும் பொறுமை எவருக்கும் இருக்கவில்லை.

மருமகனுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். சர்வதேச சஞ்சிகையில் வந்ததென்றால் அதோடு பேச்சு முடிந்தது என்று அவர் எண்ணுகிறார். 2020 மே 22ஆம் திகதி, உலகின் மதிப்புமிக்க மருத்துவ சஞ்சிகைகளில் ஒன்றான 'த லான்செட்', கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட ஹைட்ரொக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்தை எடுத்தவர்களிடையே மரணம் கூடுதல் என்று ஒரு கட்டுரையை வெளியிட்டது. 671 வைத்தியசாலைகள், ஏறத்தாழ 96,000 நோயாளிகள் என்று கணக்குகள் மலைக்க வைத்தன. உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவையே இடைநிறுத்தியது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. தரவு எங்கிருந்து வந்தது, மூலத்தைக் காட்டுங்கள் என்று உலகெங்கிலும் இருந்து வைத்தியர்கள் கேட்டார்கள், காட்டப்படவில்லை. அவுஸ்திரேலியாவில் ஒரு பத்திரிகை செய்த வேலை இன்னும் எளியது. ஐந்து அவுஸ்திரேலிய வைத்தியசாலைகளில் ஏப்ரல் 21 வரை 73 பேர் கொரோனாவால் இறந்ததாகக் கட்டுரையின் தரவு சொன்னது. அந்தத் திகதி வரை முழு அவுஸ்திரேலியாவிலும் பதிவான கொரோனா மரணங்கள் 67.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பட்டமும் தேவையில்லை. கந்தோரில் பேரேடு பார்த்த உங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அந்தச் சஞ்சிகையின் பரிசீலகர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்று மருமகனிடம் கேளுங்கள். அவரிடம் நல்ல விடை இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன்.