கூலி சீட்டில், லாபம் சரக்கில்

பிரிகாம் சிட்டியில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள் என்றால் கூலி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நண்பரே, நீங்கள் அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் என்ற மதப் பிரிவினர் அமைத்த இரண்டு ஊர்களைக் கலந்துவிட்டீர்கள். பொதுப் பந்தி 1875-இல் தொடங்கிய ஆர்டர்வில் ஊரில்தான். பிரிகாம் சிட்டியில் அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பு.

பிரிகாம் சிட்டியில் 1864-இல் மார்மன் தலைவர் லொரென்சோ ஸ்னோ ஆரம்பித்தது பங்குதாரர்களின் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்று. அதன் லாபத்தைக் கையில் கொடுக்காமல் அடுத்த தொழிலில் போட்டார்கள். தோல் பதனிடும் ஆலை வந்தது, பிறகு கம்பளி ஆலை, பால்பண்ணை. பங்கு ஈவும் பெரும்பாலும் சரக்காகவே வந்தது. ரொக்கம் அரிதான எல்லைப்புற ஊரில் வேறு வழியும் இல்லை.

கூலி, சங்கமே அச்சடித்த சீட்டு. உள்ளூர்ப் பொருளுக்கு ஒன்று, வெளியிலிருந்து தருவித்த சரக்குக்கு இன்னொன்று. செருப்புத் தைப்பவர் தன் உள்ளூர்ச் சீட்டைக் கொடுத்து வெண்ணெயும் கம்பளித் துணியும் வாங்குவார். தேயிலைக்கு அது செல்லாது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் சாமர்த்தியமே இந்தப் பிரிவினைதான்.

சங்கத்தின் சரிவுக்கு மதத்தில் காரணம் தேட வேண்டாம். 1877 டிசம்பரில் கம்பளி ஆலை எரிந்தது. மறு ஆண்டு, அந்தச் சீட்டுகளைப் பணமாகக் கருதிக் கூட்டாட்சி அரசு பத்தாயிரம் டாலருக்கு மேல் வரி விதித்தது. பின்னால் அது திருப்பித் தரப்பட்டது. ஆனால் அதற்குள் பல தொழில்கள் கைமாறிவிட்டன.